ஸ்பிரிட் இல்லாத வீடு

மறுவாழ்வு மையத்தில் கொடுத்த தாளில்
பதினொன்று இருந்தன.
இருமல் டானிக், சென்ட், ஷேவிங் லோஷன்,
கைக்குத் தடவும் ஜெல்,
ஏழாவதாக, அடிக்கோடு போட்டு,
சர்ஜிகல் ஸ்பிரிட்.
படித்துக் காட்டிய சுசேதா மேடம்
அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
'வீட்ல என்ன தொழில் உங்களுக்கு?'

ஸ்ரீராமபுரம், நாலாவது கிராஸ்.
முன்னறையில் கண்ணாடி, ஒரு சுழல் நாற்காலி.
பின்னறையில் நாங்கள்.
புருவம் திருத்த முப்பது ரூபாய்.
ட்வீசர், கத்தரி, கரும்புள்ளி எடுக்கும் கம்பி
எல்லாம் அந்த நீலப் பாட்டிலில்தான்
குளித்துக்கொண்டிருந்தன, கடை போட்ட நாளிலிருந்து.

அன்று சாயந்திரமே சாக்கடையில் ஊற்றினேன்.
சாக்கடை ஒரு நிமிஷம்
அவன் வாயைப் போல மணந்தது.

வினிகர் என்றாள் மாடி வீட்டு நாகவேணி.
கண்ணாடி பளிச்சென்று ஆனது.
'கிருமி அதுல ஊறுகாய் போட்டுச் சாப்பிடும்'
என்று சிரித்தார் மருந்துக்கடை அல்தாஃப்.
எலுமிச்சை?
'மீனுக்குப் பிழியுங்க அக்கா.'
வோட்கா தெளிக்கலாம் என்றாள் ஒருத்தி,
ஐடி கம்பெனிக்காரி, நல்ல மனசு.
நூலை இழுத்தேன்.
அவள் இடது புருவத்தில்
கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டது.

கடைசியில் மிஞ்சியது
சோப்பு, தண்ணீர், அடுப்பு.
பால் திரிந்து கைவிட்ட பாத்திரத்தில்
ட்வீசர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு
இருபது நிமிஷம் கொதிக்கும்.
கடிகாரம் பார்ப்பது அவன் வேலை.
குடிக்காத ஆளுக்குச் சாயந்திரம் ஆறரை மணி
எத்தனை நீளம் என்று
அடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

ஹைட்ரஜன் பெராக்சைடும் வாங்கினேன்,
மூன்று சதவீதம், பழுப்புப் பாட்டில்.
விரல் வெட்டில் ஒரு சொட்டு விட்டதும்
வெள்ளையாக நுரைத்துப் பொங்கியது.
நுரையைப் பார்த்த அவன் முகத்தை
நான் பார்த்தேன்.
பாட்டிலைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.
சாவி இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும்.
தெரியும் என்று எனக்கும் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை
பாத்ரூமுக்குப் பிளீச்சிங் பவுடர் கரைத்துவிட்டு
உப்புக்கறையும் போகட்டும் என்று
மிச்சமிருந்த வினிகரை
அதே வாளியில் கவிழ்த்தேன்.
சேர்த்தால் என்ன ஆகும் என்று
எந்த டப்பாவிலும் என் மொழியில் எழுதியிருக்கவில்லை.
கண்ணுக்குள் மிளகாய். மூச்சுக்குள் பிளேடு.
யாரோ இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள்,
படி வழியாக, வெயிலுக்கு.

அந்தப் பதினான்கு படிகளில்
எத்தனையோ ராத்திரி அவனை ஏற்றியிருக்கிறேன்
கக்கத்தில் தோள் கொடுத்து.
இப்போது தரையில் படாமல் தொங்கியவை
என் கால்கள்.
ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு போய்
ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்தான்.
பக்கத்தில் உட்கார்ந்தான், இருமினான்.
'மிக்ஸிங் தப்பு,' என்றான் தேவசகாயம்,
அனுபவஸ்தன் குரலில்.
கண்ணீர் கொட்டிக்கொண்டுதான் இருந்தது,
சிரிப்பு எதில் கலந்து வந்ததென்று தெரியவில்லை.

கொதிக்கவைத்தே துருவேறிய கத்தரி
நேற்று உள்ளங்கையைக் கிழித்தது.
சுகாதார மையத்தில் டெட்டனஸ் ஊசி.
நர்ஸ் பஞ்சை நனைத்துத் தோளில் தேய்த்தாள்.
அந்தக் குளிர்ச்சி.
எட்டு மாதம் கழித்து அந்த வாசனை.
நான் கதவைப் பார்த்தேன்.
வெளியே அவன்,
என் கைப்பையை இடுக்கிக்கொண்டு
ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றான்.
உதடு அசைந்தது.
போகிற பஸ்களின் நம்பரைப் படிக்கிறான் போல.

'நோவாகுத்தா?' என்றாள் நர்ஸ் கன்னடத்தில்.
'இல்ல' என்றேன்,
இரண்டு பாஷைக்கும் பொதுவாக.
பஞ்சை அங்கேயே போட்டுவிட்டு
மூலையிலிருந்த குழாயில்
தோளைச் சோப்பு போட்டுக் கழுவினேன்.
முகர்ந்து பார்த்தேன்.
இன்னொரு தடவை கழுவினேன்.